மகள் நடிகையாக விரும்பினால்

சென்ற மகா சிவராத்திரி இரவு இரண்டாம் சாமப் பூசை நிறைவுற்று, அடியார்கள் சுண்டலும் கோப்பியும் அருந்திக்கொண்டிருந்த வேளையில், ஒரு தாயார் என்னை மண்டபத்தின் ஓரத்திற்கு அழைத்தார். "டொக்டர், உங்களோடை ஒரு கதை கதைக்க வேணும். பிள்ளை இந்த மாதத்திலை இரண்டு தரம் மயங்கி விழுந்திட்டாள். விரதமெண்டு சொல்லுறாள். ஆனால் ஒவ்வொரு நாளும் என்ன விரதம்?" என்று கேட்டார். கோயிலில் வைத்தியம் பார்ப்பது எனக்கு விருப்பமில்லாத காரியம். இருந்தாலும் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியவில்லை.

மறுவாரம் பிள்ளையைப் பார்த்தேன். வயது பதினேழு. நான்கு மாதத்தில் எட்டுக் கிலோ குறைந்திருந்தாள். மாதவிலக்கு மூன்று மாதமாக இல்லை. கழுத்தின் நிறம் ஒன்றாகவும் முகத்தின் நிறம் இன்னொன்றாகவும் இருந்தது. தாயாரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டபோது, பிள்ளை நேராகவே சொன்னாள்: "நான் நடிக்கப் போகவேணும் அங்கிள்." யாரோ ஒருவர் அவளைத் தெருவில் கண்டு, முகம் திரைக்குப் பொருத்தமானது, ஆனால் மெலிய வேண்டும், நிறமும் தெளிய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். புகைப்படத் தொகுப்பு ஒன்று எடுப்பதற்கு எண்ணூறு யூரோ முற்பணமும் கேட்டிருக்கிறார். அவள் குழந்தை பார்க்கும் வேலையில் சேர்த்த காசு அறுநூறு வரை வந்திருந்தது. மிச்சம் இருநூறுக்குத்தான் தாயின் சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். இதையும் மறைக்காமல் சொன்னாள்.

அக்குடும்பத்தின் சம்மதத்துடனும், அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியுமே இதை எழுதுகிறேன். ஆசிரியர் குழுவினர் இம்முறை இரத்த அழுத்தம் பற்றி எழுதுமாறு கேட்டிருந்தார்கள். அது அடுத்த இதழுக்கு இருக்கட்டும்.

தகப்பனாருக்குக் கோபம் வந்தது. "நாங்கள் இஞ்சை வீடு கூட்டி, கிழவன் கிழவியளைத் தூக்கிப் பராமரிச்சு இவையைப் படிப்பிக்கிறது கூத்தாடவோ?" என்றார். இந்தக் கேள்வியை ஏளனம் செய்ய என்னால் முடியாது. 1983க்குப் பின்னர் இந்த நகருக்கு வந்த எம்மவர்களின் முதுகெலும்புகளை நான் எக்ஸ்ரே படங்களில் பார்த்திருக்கிறேன். அவர்கள் பட்ட பாட்டுக்குப் பலனாக ஒரு தாதி, ஒரு கணக்காளர், ஒரு எஞ்சினியர் என்று எதிர்பார்ப்பது இயற்கையே. எனினும், கூத்து என்ற சொல்லை நாம் இழிவாகச் சொல்லுவது எனக்குச் சிரிப்பை வரவழைக்கிறது. நாம் கும்பிடுகிற பெருமானுக்கே கூத்தன் என்று ஒரு திருநாமம் இருக்கிறதல்லவா?

அது நிற்க. நடிப்புத் தொழிலுக்கு ஒரு பெண்பிள்ளை எப்படிப் போகிறாள், யார் கண்ணில் படுகிறாள், பட்ட பின்னர் அவளுக்கு என்ன நேர்கிறது என்பதையெல்லாம் அறியாமல் ஆம் என்பதும் பிழை, இல்லை என்பதும் பிழை. ஆகவே சில மாதங்களாக இதைப் பற்றி வாசித்தேன். வாசித்தபோது, எங்கள் காலடியிலேயே ஒரு கதை கிடந்தது தெரியவந்தது.

பல்லரோச் சந்தையிலிருந்து வியா ரோமாவைக் கடந்து கீழே இறங்கினால், குரோச்சே தேய் வெஸ்பிரி என்ற சிறு சதுக்கம் வரும். அங்கே கங்கி மாளிகை இருக்கிறது. எம்மவரில் பலர் வேலைக்குப் போகும்போது அதன் மதிலோரமாகத்தான் நடக்கிறார்கள். 1963இல் வெளிவந்த 'இல் கட்டோபார்தோ' என்ற புகழ்பெற்ற படத்தில், லுக்கினோ விஸ்கோந்தி நெறிப்படுத்திய அந்த நீண்ட நடனக் காட்சி இம்மாளிகையில்தான் படமாக்கப்பட்டது. வெள்ளை உடையில் வந்து சபையையே திரும்பிப் பார்க்கவைக்கும் பெண்ணாக நடித்தவர் கிளவுடியா கார்டினாலே. 2025 செப்டம்பரில் தமது 87வது வயதில் பிரான்சில் காலமானார்.

அவரை இத்தாலியப் பேரழகி என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். ஆனால் அவர் பிறந்தது இத்தாலியில் அல்ல, துனீசியாவில். 1938இல், சிசிலியிலிருந்து பிழைப்புத் தேடி வட ஆபிரிக்காவுக்குக் குடிபெயர்ந்த குடும்பமொன்றில் பிறந்தவர். வீட்டில் சிசிலிய மொழி, பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, தெருவில் அரபு. இத்தாலிய மொழியை அவர் வளர்ந்த பின்னரே கற்றுக்கொண்டார். எங்கள் பிள்ளைகள் வீட்டில் யாழ்ப்பாணத் தமிழும், பள்ளிக்கூடத்தில் இத்தாலியனும், சந்தையில் பலெர்மோப் பேச்சும் பேசுகிறார்களே, அதே நிலைதான். கடல் மட்டும் எதிர்ப்பக்கத்தில்!

1957இல் துனீசியாவில் வாழ்ந்த இத்தாலியப் பெண்களுக்கான அழகுப் போட்டி ஒன்றில் அவர் தெரிவானார். பரிசு வெனிஸ் திரைப்பட விழாவுக்கு ஒரு பயணம். அங்கே தயாரிப்பாளர்கள் கண்டார்கள். ஆசிரியையாக வர நினைத்திருந்தவர் நடிகையானார். வாசகர்கள் இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் அழகுப் போட்டிக்கு அனுப்பலாமே" என்று எண்ணக்கூடாது. கதையின் மீதியை இப்போதுதான் சொல்லப்போகிறேன்.

அவருடைய ஆரம்பகால இத்தாலியப் படங்களில் முகம் அவருடையது, குரல் வேறொருவருடையது. பேச்சில் பிரெஞ்சு வாடை வீசியதால் பிறர் குரலை ஒட்டினார்கள். 1963இல் வந்த பெல்லினியின் 'எட்டரை' என்ற படத்தில்தான் அவரது சொந்தக் குரலை இத்தாலிய மக்கள் முதன்முதல் கேட்டார்கள். அதற்குள் அவர் ஐந்தாண்டுகளாக நடித்துக்கொண்டிருந்தார். இதைவிடக் கொடியது வேறொன்று. இளவயதில் தமக்கு இழைக்கப்பட்ட கொடுமையொன்றினால் அவர் ஓர் ஆண் குழந்தைக்குத் தாயானார். திரையுலகப் பேருக்குப் பங்கம் வரக்கூடாதென்று, அக்குழந்தையைத் தம் தம்பி என்று பல ஆண்டுகள் உலகுக்குச் சொல்லவேண்டியிருந்தது. தமது உடல் எடை, தலைமுடி, தனிவாழ்வு யாவும் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டிருந்ததைப் பற்றி அவரே பின்னாளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். திறமையும் மனத்திண்மையும் உள்ள ஒரு பெண், கையெழுத்திட்ட ஒரு தாளுக்கு அவ்வளவு காலம் அடிமைப்பட்டிருந்தார். ஆகவே, கண்ணில் படுவது ஒரு காரியம், கையெழுத்திடுவது வேறொரு காரியம் என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். அவள் அந்த மாளிகையை அறிவாள். ஆனால் அந்த நடிகையின் பெயரைக் கேள்விப்பட்டதில்லை.

அவள் கேள்விப்பட்டிருந்த பெயர் வேறு. "மைத்திரேயியைப் பாருங்கோ அங்கிள்" என்றாள்.

மைத்திரேயி இராமகிருஷ்ணன் 2001ஆம் ஆண்டு டிசெம்பரில் கனடாவின் மிசிசாகா நகரில் பிறந்தவர். இலங்கைப் போரினால் அகதிகளாகக் கனடா சென்ற தமிழ்ப் பெற்றோரின் மகள். பாடசாலை நாடகங்களில் நடித்து, உயர்தரக் கல்வியை முடித்து, ரொறன்ரோவின் யோர்க் பல்கலைக்கழகத்தில் நாடகம் படிப்பதற்கு இடமும் பெற்றிருந்தார். 2019இல் அமெரிக்க நடிகையும் எழுத்தாளருமான மிண்டி கேலிங், தமது புதிய தொடர் நாடகத்துக்குத் தெற்காசியப் பெண்பிள்ளை ஒருவர் தேவை, யாரும் விண்ணப்பிக்கலாம் என்று பகிரங்க அழைப்பு விடுத்தார். மைத்திரேயியின் தோழி அதைக் கண்டு அவருக்கு அனுப்பினார். இருவருமாக உள்ளூர் நூலகத்துக்குப் போய், தாயாரின் கமராவில் ஒரு நடிப்புப் பதிவு எடுத்து அனுப்பினார்கள். நூலகத்தில்! எண்ணூறு யூரோப் புகைப்படத் தொகுப்பு அங்கே இருக்கவில்லை.

விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 15,000 பேர். மேலும் சில பதிவுகளைக் கேட்டு வாங்கி, பின்னர் லொஸ் ஏஞ்சல்சுக்கு நேரில் அழைத்துப் பார்த்து, இறுதியில் இவரைத் தெரிவுசெய்தார்கள். அப்போது அவருக்கும் வயது பதினேழுதான். நெற்பிளிக்ஸ் நிறுவனம் அத்தொடரை 2020 ஏப்ரலில் வெளியிட்டது. 2023 வரை நான்கு பருவங்கள், 40 அங்கங்கள் ஓடியது. தேவி என்ற தமிழ்ப் பிள்ளையாக, அந்தக் குடும்பத்தின் பூசை அறையோடும் புட்டுக்கதைகளோடும் அவர் உலகமெங்கும் வீட்டுக்கு வீடு போனார். 2022இல் வந்த 'ரேர்னிங் ரெட்' என்ற கேலிச்சித்திரப் படத்தில் அவரது குரலைக் கேட்கலாம். சொந்தக் குரல்தான், இரவல் அல்ல.

மகளின் வற்புறுத்தலால் நானும் முதற் பருவத்தைப் பார்த்தேன். சில இடங்களில் நெளிந்தேன் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். அந்தப் பிள்ளை தாய்க்குச் சொல்லும் பதில்களில் ஒன்றைச் சொல்லியிருந்தாலும் என் அம்மா அகப்பைக்காம்பை எடுத்திருப்பா. ஆனால் ஒன்று என்னைக் கட்டிப்போட்டது. தந்தை மாரடைப்பால் திடீரென இறந்தபின் அப்பிள்ளையின் கால்கள் சில மாதங்கள் செயலிழந்துபோகின்றன. நரம்பில் பழுது எதுவுமில்லை. துயரம் உடலில் இறங்கிவிட்டது. வன்னியிலிருந்து வந்த சிலரிடம் இப்படிப்பட்ட கால்களையும் கைகளையும் நான் கண்டிருக்கிறேன். "நடிக்கிறாள்" என்று உறவினர்களே சொல்வார்கள். அவர்கள் நடிக்கவில்லை. அவர்களைப்போலத் திரையில் நடித்துக்காட்ட இந்தப் பிள்ளைக்கு எப்படி வந்தது என்று யோசித்தபடி இருந்தேன்.

15,000 பேரில் ஒருவர் என்ற கணக்கையும் நேர்மையாகப் பார்க்கவேண்டும். அதாவது 14,999 பேர் வீட்டிலேயே இருந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் திறமைசாலிகளாக இருந்திருப்பார்கள். மைத்திரேயியிடம் பல்கலைக்கழக இடம் ஒன்று கையில் இருந்தது. தெரிவாகாவிட்டால் படிக்கப் போயிருப்பார். கையில் ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றுக்குக் கை நீட்டியவர் அவர். எங்கள் பிள்ளையோ பள்ளிக்கூடத்தை இடையில் நிறுத்துகிற யோசனையில் இருந்தாள்.

எங்கள் பழைய நடிகைகளுக்கு அந்த வசதி இருந்ததில்லை. கொடுமுடியில் 1908இல் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் சிறுமியாக ரயிலில் பாடிக்கொண்டிருந்தபோது, நாடகப் பிரியரான ரயில்வே அதிகாரி ஒருவர் கேட்டு மேடைக்கு வழிகாட்டினார் என்பார்கள். எங்கள் கொழும்பு மேடைகளிலும் அவர் பாடி நடித்தார். பின்னர் தாம் மணந்த எஸ். ஜி. கிட்டப்பாவை அறிந்ததும் இலங்கையில்தான். கிட்டப்பா 1933இல் மறைந்தபின் வெள்ளை உடுத்து ஒதுங்கியிருந்தவர், 1935இல் நந்தனாராக, ஆண் வேடத்தில், திரைக்கு வந்தார். அதற்கு அவர் பெற்ற சம்பளம் ஒரு லட்சம் ரூபா. அன்றைய நிலையில் யாரும் நம்பமுடியாத தொகை. 1953இல் ஔவையாராக வந்தபோது அவரைப் பார்த்தவர்கள் நடிகை என்று பார்க்கவில்லை, கும்பிட்டார்கள். பள்ளத்தூர் மனோரமாவோ வீட்டு வேலை செய்த சிறுமி. ஊருக்கு வந்த நாடகக் குழுவில் பாடத் தெரிந்த பிள்ளை தேவைப்பட்டதால் மேடையேறினார். 1958இல் கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை' அவரைத் திரைக்குக் கொண்டுவந்தது. ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்துவிட்டுப் போனார். இருவருடைய அழகைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் எவரும் கதைக்கவில்லை. குரலும் உழைப்பும்தான் பேச்சு. 2015இல் பிரான்சின் கான் விழாவில் உயர்விருது பெற்ற 'தீபன்' படத்தில், ஈழத்து அகதிப் பெண்ணாக நடித்த காளீஸ்வரி சீனிவாசனும் தமிழ்நாட்டு நாடக மேடையில் நின்று பழகியவரே.

அந்தப் பிள்ளையின் முகப்பூச்சுக்கு வருகிறேன். அவள் கொண்டுவந்து காட்டிய களிம்பில் இன்ன பொருட்கள் உள்ளன என்ற விபரமே அச்சிடப்பட்டிருக்கவில்லை. இப்படிப்பட்ட வெள்ளையாக்கும் களிம்புகளில் பாதரசமோ, ஐதரோகுயினோனோ, வீரியமான ஸ்ரெரோயிட்டோ கலந்திருப்பதுண்டு. முதலிரண்டையும் நிறம் வெளுக்கும் பூச்சுக்களில் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்திருக்கிறது. பாதரசம் தோலினூடாகச் சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்ரெரோயிட்டு தோலைக் கடதாசிபோல் மெலியச் செய்யும், நிறுத்தினால் முகம் தீயாய் எரியும். விபரம் அச்சிடாத களிம்பு எவர் வீட்டிலாவது இருந்தால் இன்றே எறிந்துவிட்டு, சிறுநீரைப் பரிசோதிக்க வாருங்கள். பட்டினியைப் பற்றியும் சொல்லவேண்டும். மாதவிலக்கு நிற்கும் அளவுக்கு மெலிந்த பிள்ளையின் எலும்பு வலுவிழக்கத் தொடங்கும். பதினேழு வயது எலும்பு உரம் சேர்க்கும் வயது. அந்த ஆண்டுகள் போனால் முழுமையாகத் திரும்பி வருவதில்லை. அம்மாமார் இதைக் கேட்க வெட்கப்படக்கூடாது. மாதம் தவறினால் கல்யாணக் கவலைதான் எங்களுக்கு முதலில் வருகிறது, சாப்பாட்டுக் கோப்பையைப் பார்ப்பதில்லை.

முற்பணம் கேட்கும் ஆட்களைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. உண்மையான முகவர் பிள்ளைக்கு வேலை கிடைத்தபின் அதன் சம்பளத்தில் தன் பங்கை எடுப்பார். வேலைக்கு முன்னர் காசு கேட்பவர் பிள்ளையின் காசைத்தான் தொழிலாகக் கொண்டவர். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் படத்திலோ விளம்பரத்திலோ நடிக்கவைக்க, இத்தாலியச் சட்டப்படி பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமும் தொழிற் பரிசோதகர் அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும். அந்தச் சட்டம் 1967ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. அனுமதிப் பத்திரத்தைக் காட்டுங்கள் என்று கேட்டால், வந்தவர் எப்படிப்பட்டவர் என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். எங்கள் பிள்ளையிடம் பேசிய மனிதரிடம் தகப்பனார் இதைத் தொலைபேசியில் கேட்டார். அதன்பின் அந்த இலக்கம் வேலை செய்யவில்லை.

முறையாகப் பயில விரும்புவோர்க்கு வழியில்லாமல் இல்லை. உரோமில் 1935இல் தொடங்கிய திரைப்பட நிலையமும், 1936இல் தொடங்கிய சில்வியோ தாமிக்கோ நாடகக் கலாசாலையும் தேர்வு வைத்தே மாணவரை எடுக்கின்றன. பின்னையதற்கு உயர்தரப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும். ஆகவே பள்ளிக்கூடத்தை விடுகிற பேச்சுக்கு அங்கேயே முடிவு வந்துவிட்டது. இவ்வூரிலேயே வியா ரோமாவில் உள்ள பியோன்டோ அரங்கில் எம்மா தாந்தே என்ற பலெர்மோ நாடகாசிரியை இளைஞர்களைப் பயிற்றுவித்திருக்கிறார். பல்லரோவில் மீன் விற்பவர் போடும் கூவலைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குக் குரல் எப்படி வயிற்றிலிருந்து வரவேண்டும் என்று பெரிதாகச் சொல்லித் தரத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்!

இந்த விடயத்தில் நான் இவ்வளவு தலையிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. எண்பதுகளின் நடுப்பகுதியில், ஊரில் எனக்குப் பதினான்கு வயதிருக்கும். என் அக்கா பள்ளிக்கூட நாடகமொன்றில் முக்கிய பாத்திரம் ஏற்றிருந்தா. ஒத்திகை பிந்தியதால் பொழுதுபட்டு வருவா. ரியூசன் என்று வீட்டில் சொல்லியிருந்தா. ஒத்திகை நடந்த மண்டபத்தின் யன்னலால் எட்டிப் பார்த்த நான், அன்றிரவே ஐயாவிடம் போய்ச் சொன்னேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். ஐயா அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. "நாளையிலிருந்து நேரத்துக்கு வீட்டை வா" என்றார். அவ்வளவுதான். அக்கா அழுததாகவும் நினைவில்லை. நாடகம் வேறொரு பிள்ளையோடு மேடையேறியது. நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்தோம். அக்காவும் வந்தா. எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து, மேடையில் அந்தப் பிள்ளை பேசிய ஒவ்வொரு வசனத்தையும் சத்தமில்லாமல் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தா.

அக்கா இப்போது இலண்டனில் இருக்கிறா. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்குகிறா. இந்தப் பிள்ளையைப் பற்றி நான் தொலைபேசியில் சொன்னபோது, "எத்தனை கிலோ ஏறியிருக்கிறாள்?" என்றுதான் முதலில் கேட்டா. பிறகு, "அவளுக்கு ஔவையாரைக் குடு" என்றா. கிழவி வேடம் என்றால் மெலியவும் தேவையில்லை, வெளுக்கவும் தேவையில்லை, குரல் மட்டும் வேண்டும் என்பது அக்காவின் நியாயம்.

பிள்ளை ஐந்து கிலோ ஏறியிருக்கிறாள். வைகாசியிலிருந்து மாதமும் ஒழுங்காகியிருக்கிறது. முகத்தின் நிறம் கழுத்தோடு சேர இன்னும் காலம் எடுக்கும். வரும் நவராத்திரி வாணி விழாவில் எமது கோயில் மண்டபத்தில் அவள் ஔவையாராக நடிக்கிறாள். முருகனாக வருபவன் ஏழு வயதுப் பையன், சொல்வழி கேட்கிறானில்லை. நாவல் மரத்தைத் தகப்பனார்தான் செய்கிறார், வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்குப் பிறகு. ஒத்திகை முடியும் வரை ஓர் ஓரத்தில் இருந்து அட்டை வெட்டுகிறார், மகளின் பக்கம் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஆனால் சென்ற செவ்வாய்க்கிழமை அவள் ஒரு வரியை விட்டுவிட்டபோது, மரத்துக்குப் பின்னாலிருந்து அந்த வரி வந்தது.

கிளைகளுக்கு இன்னும் அட்டை போதவில்லை. பல்லரோவில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் அங்கத்தவர்கள் வெற்றுப் பெட்டிகளை எறியாமல், எந்த நாளிலும் மாலை எட்டு மணிக்குப் பின் மண்டபத்தில் கொண்டுவந்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வாழைப்பழப் பெட்டி என்றால் நல்லது, தடிப்பானது.